தமிழ் மட்டும் தெரிந்த பெற்றோரோடு ஜப்பான்: மொழிபெயர்ப்புச் செயலியை எதற்கு நம்பலாம்?

உங்கள் கேள்வி இது: ஏப்ரலில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு டோக்கியோவும் கியோட்டோவும் போகிறீர்கள். அவர்களுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். நடுவில் இரண்டு நாள் நீங்கள் வேலையாக ஒசாகா போய்விடுவீர்கள். "ஏஐ மொழிபெயர்ப்பு இப்போது பிரமாதமாக இருக்கிறதாமே, அதை வைத்தே அவர்கள் சமாளித்துவிடுவார்களா?"

பெரும்பாலான நேரம் சமாளித்துவிடுவார்கள். ரயில், ஹோட்டல், கடை, கோயில், கழிப்பறை எங்கே, இது எவ்வளவு என்பதற்கெல்லாம் போன் போதும். சாப்பாடு, மருத்துவம் என்ற இரண்டு இடங்களில் மட்டும் போனை நம்பி அவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிய பழக்கத்தில் எழுதுவதால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் எந்தச் செயலி என்பதை முடித்துவிடலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்றைய நிலையில் கூகுள் டிரான்ஸ்லேட்தான் அடிப்படை. 2025 ஆகஸ்டில் அதில் நேரடி உரையாடல் வசதி வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் தமிழும் உண்டு, முதலில் கிடைத்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. சாம்சங் 2024 ஜனவரியில் போன் அழைப்பையே மொழிபெயர்க்கும் வசதியைக் கொண்டுவந்தபோது இருந்த 13 மொழிகளில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. ஆப்பிளின் இயர்போனான ஏர்பாட்ஸில் மொழிபெயர்ப்பு 2025இல் ஐந்து மொழிகளோடு வந்தது, அதிலும் தமிழ் இல்லை. ஜப்பான் அரசின் ஆய்வு நிறுவனமான என்ஐசிடி வெளியிடும் வாய்ஸ்ட்ரா என்ற இலவசச் செயலியில் சிங்களமும் இந்தியும் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆனால் உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் வாய்ஸ்ட்ராவையும் இறக்கி வையுங்கள். நீங்கள் சொன்னது, அதன் ஜப்பானிய வடிவம், அந்த ஜப்பானியத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் என்ன வருகிறது என்று மூன்றையும் ஒரே திரையில் காட்டும். 'கூடாது' என்று சொன்னது 'கூடும்' என்று போயிருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இனி சாப்பாடு. இங்கே மொழிபெயர்ப்பு சரியாகவே நடந்தும் மீன் வயிற்றுக்குள் போய்விடும். உங்கள் அம்மா போனில், "இதில் கறி இருக்கா?" என்று கேட்கிறார். போன் அதை ஒழுங்காகக் கேட்கிறது. கடைக்காரர் மனதார "இல்லை" என்கிறார். வருவது மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப், அதன் அடிச்சாறு மீன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, போனும் தப்பு செய்யவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தச் சாறு கறியும் இல்லை, மீனும் இல்லை, சமையலின் தண்ணீர்.

அந்தச் சாற்றுக்கு 'தாஷி' என்று பெயர். அதன் முக்கியமான பொருள் கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாக உலர்த்திச் சீவியது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் ஒரே சொல்லில் புரியும்: மாசிக் கருவாடு. மாலத்தீவு மாசியும் இதே சூரையில்தான் செய்யப்படுகிறது, வேகவைத்துப் புகைபோடும் முறையும் ஏறக்குறைய அதேதான். உங்கள் பெற்றோரிடம் "ஜப்பானில் சாம்பாருக்குப் பருப்பு மாதிரி எல்லாவற்றிலும் மாசி போடுவார்கள்" என்று சொல்லி வையுங்கள், மற்றது தானாகப் புரியும். சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, டெம்புரா என்ற காய்கறி பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றுவது, கீரையை வேகவைத்து ஊறவைப்பது என்று பார்த்தால் சைவம் போலத் தெரிகிற பெரும்பாலானவற்றில் இது இருக்கும். டெம்புரா மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். ஜப்பானில் 'கறி ரைஸ்' என்று கிடைக்கும் குழம்புச் சாதத்துக்குப் போடும் கட்டி மசாலாவில் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும்.

'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதாதா என்றால், போதாது. மீனும் கூடாது என்ற அர்த்தம் அந்தச் சொல்லில் இருப்பதாக இங்கே பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒவ்வாமைப் பட்டியலும் உதவாது. பாக்கெட் உணவில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, வேர்க்கடலை போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, 2023இல் வால்நட்டையும் சேர்த்தார்கள். அது ஒவ்வாமைக்காகச் செய்தது, கட்சுவோ அதில் இல்லை. அந்தக் கட்டாயம் உணவகத்துக்கும் பொருந்தாது.

அதனால் கேள்வியாகக் கேட்காமல், பொருளைப் பெயர் சொல்லி எழுதிய ஒரு அட்டையை ஊரிலேயே தயார் செய்யுங்கள். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: "நான் இறைச்சி சாப்பிட மாட்டேன். மீன் சாப்பிட மாட்டேன். மீன் சாறு, கட்சுவோபுஷி, மீன் தூள் எதுவும் கூடாது. முட்டை கூடாது. பாலும் தயிரும் சாப்பிடுவேன். 'கொம்பு' என்ற கடற்பாசியின் சாறும் ஷீட்டாக்கே காளான் சாறும் பரவாயில்லை. இவை இல்லாத சாப்பாடு உங்களிடம் இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் வேறு கடை பார்த்துக்கொள்கிறோம்."

கடைசி இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். விருந்தாளியிடம் நேரே இல்லை என்று சொல்வது இங்கே சங்கடமான விஷயம். அப்படிச் சொல்ல நாமே ஒரு வழி திறந்துவிட்டால் உண்மை வெளியே வரும். இதைக் கூகுளில் போட்டு, வாய்ஸ்ட்ராவில் திருப்பிப் பார்த்து, முடிந்தால் ஜப்பானிய மொழி படிக்கிற ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். அலுவலகத்தில் ஜப்பான் வாடிக்கையாளரோடு வேலை செய்கிற யாராவது இருந்தால் அவரே போதும். பிறகு பெரிய எழுத்தில் அச்சடித்து இரண்டு பேர் பையிலும் வைத்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அட்டை இருக்கும். சத்தமான கடையில் போனைப் பேசவைப்பதைவிட எழுத்தைக் காட்டுவது எப்போதும் மேல்.

சந்தேகமில்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, ஷோஜின் ரியோரி எனப்படும் புத்த மடத்துச் சாப்பாடு. மீனும் கிடையாது, மரபாகச் செய்யும் இடத்தில் வெங்காயம் பூண்டும் கிடையாது. கியோட்டோவில் கிடைக்கும், கோயாசான் மலையில் மடத்திலேயே தங்கிச் சாப்பிடலாம். இன்னொன்று, இந்திய உணவகங்கள். அவற்றில் நிறைய நேபாளிகள் நடத்துபவை. அப்பாவுக்கு இரண்டு வார்த்தை இந்தி வந்தால் போனே வேண்டாம்.

அடுத்தது தமிழ். ஜப்பானியரோடு பேசுவதில் உள்ள சிக்கலில் பாதி நம் பக்கத்திலேயே இருக்கிறது. கூகுள் 2017 ஏப்ரலில் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளுக்கு நரம்பியல் மொழிபெயர்ப்பை, அதாவது முழு வாக்கியத்தையும் ஒன்றாக எடுத்து மாற்றும் ஏஐ முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வாக்கியம் சரளமாக வருகிறது. அந்தச் சரளத்திலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. முன்பெல்லாம் தப்பு வந்தால் வாக்கியமே உடைந்து கிடக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளித்துத் திரும்பக் கேட்பார். இப்போது தப்பும் நல்ல இலக்கணத்தோடு போய்ச் சேருகிறது, யாரும் திரும்பக் கேட்பதில்லை.

இயந்திரம் கற்றுக்கொண்டது அதிகமாக எழுத்துத் தமிழ். நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவது வேறு. "எனக்கு சுகர் இருக்கு, பிரஷரும் இருக்கு" என்பதை எந்தத் தமிழரும் நொடியில் புரிந்துகொள்வார். இயந்திரம் அதை 'என்னிடம் சர்க்கரை இருக்கிறது' என்று கொண்டுபோய்க் கொடுக்க வாய்ப்பு உண்டு. உங்கள் அம்மா அப்பாவைக் குறிப்பிட்டு, "அவங்களுக்கு முடியல" என்பார். நமக்கு அது மரியாதை. ஆங்கிலம் வழியாகப் போகும்போது அதுவே பல பேர் ஆகிவிடும், என்ன முடியவில்லை என்பதும் தொலைந்துவிடும். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் நடுவில் ஆங்கிலம் பாலமாக இருப்பது வழக்கம் என்பதால் இரண்டு முறை தேய்ந்துதான் சேதி போகிறது. தமிழிலும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவோம், ஜப்பானியத்திலும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதால் இயந்திரம் தானே ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளும்.

இதற்கு மருந்து எளிது. புறப்படுவதற்கு முன்னால் சில மாலைகள் பெற்றோரோடு உட்காருங்கள். செய்தி வாசிப்பது போலப் பேசச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்: "என் கணவருக்குத் தலை சுற்றுகிறது." 'சுகர்' வேண்டாம், 'நீரிழிவு நோய்'. சொல்லிவிட்டுத் திரையில் தமிழ் எழுத்தாக என்ன விழுந்திருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். காதில் விழுந்ததையே அது தப்பாக எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பெரியவர்களுக்கு இது வராது என்று நினைத்துவிடாதீர்கள். வாட்சாப்பில் குரல் செய்தி அனுப்புகிறவர்களுக்கு இது வரும். பேசி முடிப்பதற்குள் விரலை எடுக்காமல் இருப்பதும், எதிராளி பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பதும்தான் பழக வேண்டியவை.

பதில் வரும் திசையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் தலையைச் சாய்த்து, மூச்சை இழுத்து, "கொஞ்சம்..." என்பது போல ஒன்று சொல்லி நிறுத்தினால் அது மறுப்பு. போன் 'கொஞ்சம்' என்று மட்டும் காட்டும். இரு கையையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டினால் முடியாது, இல்லை என்று பொருள். பெற்றோர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் இதையெல்லாம் தவறவிடுவார்கள். ஆளின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உடம்பு. 2021இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் அறிவுரைகளைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஏழு மொழிகளில் மாற்றிப் பார்த்தார்கள். ஸ்பானிய மொழியில் 94 விழுக்காடு பொருள் மாறாமல் வந்தது, ஆர்மீனிய மொழியில் 55 விழுக்காடு. தமிழ் அந்த ஏழில் இல்லை. செயலிகள் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் ஒரு மொழியில் அது நன்றாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு நம் மொழியிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு அந்த இரண்டு எண்களே போதும். ஆங்கிலம்–ஜப்பானியம் நன்றாக இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வது உண்மை. உங்கள் அம்மா பேசப்போவது தமிழ்.

அதனால் அம்மாவுக்கு இரண்டாவது அட்டை ஒன்று வேண்டும், இதை ஜப்பானியம் தெரிந்தவர் கட்டாயம் பார்க்க வேண்டும். "எனக்கு நீரிழிவு நோய். இன்சுலின் போடுகிறேன். எனக்கு வியர்த்தாலோ, கை நடுங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். சர்க்கரையோ இனிப்புச் சாறோ கொடுங்கள். நான் மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 119ஐ அழையுங்கள்." 119 இங்கே ஆம்புலன்ஸ் எண். இந்த நிலையில் அம்மாவால் போனில் பேச முடியாது என்பதுதான் அட்டையின் அவசியம். கழுத்துப் பையில் முன்னாலேயே இருக்கட்டும். தெருவெங்கும் பானம் விற்கும் இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் சர்க்கரை இல்லாத வகைகளும் நிறைய. எனவே குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரைப் பொட்டலமோ ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம், மருந்தின் வேதிப் பெயரும் அளவும் போட்டு, கையில் இருக்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர்கள் ஆங்கிலம் பேசத் தயங்கினாலும் மருந்துப் பெயரைப் படித்துவிடுவார்கள். சர்க்கரை அளவை இங்கேயும் நம் ஊர் போல மில்லிகிராம் கணக்கில்தான் சொல்வார்கள், எண் குழம்பாது. சொந்தப் பயன்பாட்டுக்கான மருந்து ஒரு மாத அளவுக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகளுக்கு இங்கே தடை உண்டு, பையில் போடுமுன் பார்த்துவிடுங்கள்.

மருத்துவமனைக்கே போக நேர்ந்தால் உங்களைப் போனில் பிடித்து, நீங்கள் ஆங்கிலத்தில் பேசுவது முதல் வழி. ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் உதவி எண் 050-3816-2787 இரவு பகலாக ஆங்கிலத்தில் பேசும். 119இலும் பல ஊர்களில் மொழிபெயர்ப்பாளரை மூன்றாம் ஆளாக இணைக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கோ வேறு எதற்கோ ஒப்புதல் கையெழுத்து என்று வந்தால், மனிதர் ஒருவர் விளக்காமல் அவர்களைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

போலீஸ், குடிவரவு விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவின் கான்சஸில் சாலையில் காரை நிறுத்திய காவலர், சோதனை போடலாமா என்று ஆங்கிலம் அதிகம் தெரியாத மெக்சிகோக்காரரிடம் கூகுள் டிரான்ஸ்லேட் வழியாகக் கேட்டார். அவரும் சரி என்றார். 2018இல் நீதிமன்றம், கேள்வி சரியாகப் போய்ச் சேரவில்லை, அதனால் அது சம்மதமே ஆகாது என்று சொல்லி, கிடைத்த சாட்சியத்தை ஏற்க மறுத்தது. உங்கள் பெற்றோருக்கு இப்படி எதுவும் நேரப்போவதில்லை. ஆனாலும் புரியாத கேள்விக்குத் தலையாட்டக்கூடாது என்று சொல்லி வைப்பது நல்லது, நம் பெரியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள்.

எண்களைப் பேசவே வேண்டாம், கால்குலேட்டரில் தட்டிக் காட்டட்டும். கொரியாவில் 2018 குளிர்கால ஒலிம்பிக்கின்போது நார்வே அணியின் சமையல்காரர்கள் 1,500 முட்டை கேட்கப்போய் 15,000 முட்டை வந்து இறங்கிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஜப்பானியமும் கொரிய மொழி போலப் பத்தாயிரத்தை ஒரு அலகாக வைத்து எண்ணும் மொழி. நேரத்திலும் ஒன்று: கடை வாசலில் '25 மணி வரை' என்று போன் காட்டினால் அது பிழை கிடையாது, நள்ளிரவு தாண்டி ஒரு மணி என்று பொருள்.

கேமராவை எழுத்து படிக்க நன்றாக நம்பலாம், அச்செழுத்தாக இருந்தால். நேரலையாகக் காட்டினால் எழுத்து ஆடிக்கொண்டே இருக்கும், படம் எடுத்துப் பிறகு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். தூரிகையால் மேலிருந்து கீழாக எழுதிய பலகைகளில் தடுமாறும். அந்தப் படத்தையே சாட்ஜிபிடிக்கோ ஜெமினிக்கோ கொடுத்தால் விளக்கமாகச் சொல்லும். மெனுவைப் படித்துக்காட்டுவதோடு நிறுத்தாமல், இந்தப் பதார்த்தத்தில் வழக்கமாக என்ன போடுவார்கள் என்றும் சொல்லும். அது பெரிய உதவி. ஆனால் படித்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 'இதில் மீன் இல்லை' என்று அது சொன்னால் அந்தச் சமையலறையைப் பார்த்துச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் படத்தையும் மருத்துவ அறிக்கையையும் அங்கே ஏற்றாமல் இருப்பது நல்லது.

போனைத் தயார் செய்வதில் சில வேலைகள் பாக்கி. தமிழ், ஆங்கிலம், ஜப்பானியம் மூன்றையும் இணையமில்லாமல் வேலை செய்யும்படி இறக்கி வையுங்கள். தரம் கொஞ்சம் குறையும், குரல் வசதி கிடைக்காமலும் போகலாம், எழுத்துக்கு உதவும். அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை நட்சத்திரம் போட்டுச் சேமித்துவிடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் இசிம்களில் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) பல டேட்டா மட்டும் தருபவை, அவற்றிலிருந்து 119க்கோ போலீஸ் எண்ணான 110க்கோ பேச முடியாது. அதனால் அம்மாவின் இந்திய சிம்மில் ரோமிங்கைப் போட்டு வையுங்கள். ஹோட்டல் பெயர், முகவரி, உங்கள் எண் மூன்றும் ஜப்பானியத்தில் அச்சடித்து அட்டையின் பின்பக்கம் இருக்கட்டும். வழி தவறினால் எந்த ரயில் நிலைய ஊழியரிடமும் காவல் சாவடியிலும் அதைக் காட்டினால் போதும். டோக்கியோவில் செய்பு-ஷின்ஜுகு நிலையத்தில் 2023இலேயே கண்ணாடித் திரையில் மொழிபெயர்ப்பு ஓடும்படி வைத்துவிட்டார்கள். நிலைய ஊழியர்கள் இதற்கெல்லாம் பழகியவர்கள், பொறுமையானவர்கள்.

அப்புறம், நீங்கள் ஒசாகா போகும் அந்த இரண்டு நாள். அதற்கு முந்தின நாள்களில் ஹோட்டலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு இந்திய உணவகத்தையும் ஒரு மருந்துக்கடையையும் கண்டுபிடித்து, பெற்றோரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள். உணவகத்தில் இரண்டு வேளை ஒன்றாகச் சாப்பிடுங்கள். எந்தத் தட்டு அவர்களுக்குச் சரிப்படுகிறது என்று பார்த்து, அந்த மெனு வரியைப் படம் எடுத்து அப்பாவின் போனில் முதல் பக்கத்தில் வையுங்கள். ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரிடமும் அம்மாவின் அட்டையைக் காட்டி, இரண்டு நாள் நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.